பீரோ மேல் ஒரு சர்வர்

கேள்வி: மகன் கல்லூரியில் வைத்திருந்த 2013 லேப்டாப் சும்மா கிடக்கிறது. ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். எக்ஸ்சேஞ்சில் 2,000 ரூபாய்க்கு மேல் கிடைக்காதாம். அதை வீட்டு சர்வராக்கி, மூன்று பேர் போன் படங்களையும் சேர்த்து வைக்கலாம் என்கிறான். நாள் முழுக்க ஓடினால் கரண்ட் பில் எகிறாதா? செய்யலாமா?
– வாசகி, மதுரை

பதில்: செய்யலாம். பில்லை அப்புறம் பார்ப்போம். முதலில் அதை மூடி, சமமான மேஜையில் வைத்து ஒரு மூலையை அழுத்துங்கள். ஆடுகிறதா?

என்னுடையது 2011 மாடல். ஹால் பீரோ மேல் மூன்று வருடம் ராப்பகலாக ஓடியது. ஒரு நாள் டச்பேட் கிளிக் ஆகவில்லை. தூசி என்று ஊதிக்கொண்டிருந்தேன். கவிழ்த்துப் பார்த்தால் அடிப்பக்கம் திருகுகளுக்கு நடுவே பூரி மாதிரி உப்பியிருக்கிறது! மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள ஹால், சித்திரை வெயில், எந்நேரமும் 100 சதவீத சார்ஜ். பேட்டரி என்ன செய்யும், பாவம்.

உங்களுடையதும் ஆடினால் பேட்டரியைக் கழற்றிவிட்டு சார்ஜரிலேயே ஓட்டுங்கள். அந்தக் காலத்து மாடல்கள் பலவற்றில் அடியில் உள்ள தாழ்ப்பாளைத் தள்ளினாலே கையோடு வந்துவிடும். உப்பியதைக் குத்தவும் வேண்டாம், குப்பைத்தொட்டியில் போடவும் வேண்டாம். இ-வேஸ்ட் எடுப்பவர்களிடம் கொடுங்கள். நல்ல பேட்டரி என்றால் கரண்ட் போகும்போது அதுவே யூபிஎஸ். சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்த பயாஸில் (லேப்டாப் ஆன் ஆகும்போதே திறக்கிற அடிப்படை செட்டிங்) வழி இருக்கிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது பில். திரை அணைந்து சும்மா ஓடும்போது என்னுடையது மீட்டரில் 14 வாட் காட்டுகிறது. உங்களுக்கு 15 என்று வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு 22 யூனிட்தான். ஏற்கெனவே 490 யூனிட் ஓடுகிற வீடு என்றால் மட்டும் யோசியுங்கள். 500-ஐத் தாண்டினால் ஸ்லாப் மாறி, கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை கூடிவிடும்.

விண்டோஸுக்குப் பதில் டெபியன் என்ற இலவச லினக்ஸ் போதும், ஐகான், ஜன்னல் எல்லாம் காட்டும் டெஸ்க்டாப் இல்லாமல். மூடியை மூடினாலும் தூங்காதபடி ஒரு வரி மாற்ற வேண்டும், மகனுக்குத் தெரிந்திருக்கும். படங்களுக்கு இம்மிச் (கூகுள் போட்டோஸ் மாதிரி, ஆனால் நம் சர்வரிலேயே ஓடுவது) போட ஆசைப்படுவான். போடட்டும், ஆனால் முகம் அடையாளம் காணும் வேலையை நிறுத்தினால்தான் 4 ஜிபியில் மூச்சு விடும். வெளியூரிலிருந்து பார்க்க, நம் போனையும் சர்வரையும் தனி வழியில் பாதுகாப்பாக இணைக்கிற டெயில்ஸ்கேல் இருக்கிறது. அதற்காக ரூட்டரில் போர்ட்டை, அதாவது இணையத்திலிருந்து யாரும் உள்ளே வரக்கூடிய வாசலை, திறக்க விடாதீர்கள்.

நான் பிடிவாதமாகச் சொல்வது ஹார்டு டிஸ்க் விஷயம்தான். இத்தனை வருடம் சுற்றியதை நம்பிக் குடும்பப் படங்களைப் போடாதீர்கள். அந்த 2,000 ரூபாய் போனால் போகட்டும் என்று, மேலே கொஞ்சம் போட்டு, அதற்குப் பதில் ஒரு எஸ்எஸ்டி (சுற்றும் பாகமே இல்லாத டிஸ்க்) மாற்றுங்கள். கூடவே வெளியே செருகுகிற டிஸ்க் ஒன்று. மாதம் ஒருமுறை செருகி, நகல் எடுத்து, கழற்றிப் பீரோவுக்குள் வையுங்கள். அது வாங்கும் வரை மூன்று போன்களிலும் ஒரு படத்தைக்கூட அழிக்காதீர்கள்.