கல்யாண விருந்தில் ‘எவ்ரி பிரெத் யூ டேக்’ பாடலாமா?

கோலாலம்பூரில் பாதி கல்யாண விருந்துகளில் இந்தப் பாட்டு வந்துவிடுகிறது, இது காதல் பாட்டுதானே என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. விட்டுப் போனவளை விடாமல் கண்காணிக்கிற ஒருவனின் பாட்டு. நீ மூச்சு விட்டாலும், ஓர் அடி எடுத்து வைத்தாலும் பார்த்துக்கொண்டே இருப்பேன் என்கிறான். தமிழில் சொல்லிப் பாருங்கள், போலீஸில் புகார் கொடுக்கத் தோன்றும். (இதைப் பாடிய ஆங்கில ராக் குழுவின் பெயரே ‘தி போலிஸ்’ என்பது வேறு கதை.)

குழுவின் பாடகர் ஸ்டிங் இதை 1982-இல் ஜமைக்காவில் எழுதினார். ஜேம்ஸ் பாண்ட் கதைகள் பிறந்த இயன் பிளெமிங்கின் வீட்டில் தங்கியிருந்தார். அவருடைய முதல் திருமணம் முறிந்துகொண்டிருந்த நேரம். 1983-இல் வெளிவந்து, அமெரிக்காவில் 8 வாரம் முதலிடம்.

அப்புறம் ஏன் இனிக்கிறது? அதே குழுவின் ஆண்டி சம்மர்ஸ் வாசித்த கிட்டார்தான் காரணம். அந்தத் துள்ளலில் வரிகளை யார் கவனிக்கிறார்கள்? ஆனால் பாட்டை எழுதியவர்களில் அவர் பெயர் இல்லை. 1997-இல் அமெரிக்க ராப் பாடகர் பஃப் டாடி தன் பாட்டில் அதே கிட்டாரை எடுத்தாண்டபோதும் ராயல்டி ஸ்டிங்குக்கே போனது. எனக்கு அதில்தான் வருத்தம்.

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு விருந்து. கேக் வெட்டும்போது கீபோர்டுக்காரர் இதையே வாசித்தார். மாப்பிள்ளையின் மாமா கண்ணை மூடி மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.