கணினிக் கேள்வி பதில்: நாமே கட்டிய பொதியை எங்கே வைப்பது?

கேள்வி: எங்கள் வாசிகசாலையில் உபுண்டு 22.04 போட்ட 12 கணினிகள் உண்டு. அதனுடன் வரும் டெசராக்ட் (படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) 4.1.1 போதாமல், 5.3.0ஐ மூலநிரலிலிருந்து டெப் பொதியாக (உபுண்டுவில் நிறுவும் கோப்பு) கட்டி /வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்கைவ்ஸ் கோப்புறையில் வைத்தேன். 'ஆப்ட் கிளீன்' கொடுத்ததும் போய்விட்டது. எங்கேதான் வைப்பது?
– வாசகர், கொக்குவில்

பதில்: அது ஆப்டின் (உபுண்டுவில் பொதிகளைத் தரவிறக்கி நிறுவும் கருவி) முற்றம். கூட்டும்போது யாருடைய பொதி என்று அது பார்க்காது. 'கேஷ்' என்ற பெயரில் இருப்பதெல்லாம் அழிந்தாலும் திரும்பப் பெறக்கூடியது என்பதுதான் லினக்ஸ் கோப்புறை நியமம்.

மூலநிரலை /யூஎஸ்ஆர்/லோக்கல்/எஸ்ஆர்சியில் வையுங்கள். கட்டிய பொதிக்கு /எஸ்ஆர்வி/டெப்ஸ் என்று ஒன்று திறவுங்கள். எஸ்ஆர்விக்குள் உபுண்டு கை வைக்காது. (டிபிகேஜி-பில்ட்பக்கேஜ் என்ற கட்டளை கட்டிய டெப், மூலநிரல் கோப்புறைக்கு ஒரு படி மேலே விழும். உள்ளே தேடிக் களைக்க வேண்டாம்.) /ஒப்ட் இதற்கல்ல, குரோம் போலத் தன் மூட்டை முடிச்சோடு வரும் மென்பொருளை நிறுவும் இடம் அது. வீட்டுக் கோப்புறையும் சரிவராது: உபுண்டு 21.04 முதல் அதன் அனுமதி 750, அதாவது பிறருக்கு மூடியது, ஆப்டுக்கென உள்ள பயனர் உள்ளே நுழைய முடியாது.

பிறகு டிபிகேஜி-டெவ் நிறுவி, /எஸ்ஆர்வி/டெப்ஸுக்குள் நின்று பொதிப் பட்டியலை எழுதுங்கள்:

டிபிகேஜி-ஸ்கேன்பக்கேஜஸ் -எம் . > பக்கேஜஸ்

(ஆங்கிலத்தில் தட்டுங்கள், கடைசிச் சொல்லின் முதலெழுத்து மட்டும் பெரியது.) '-எம்' விட்டால் புதிய பதிப்பு மட்டுமே பட்டியலில் ஏறும், பழையதற்குத் திரும்ப வழியிராது. அங்கிருந்தே 'பைத்தன்3 -எம் எச்டிடிபி.சேர்வர்' ஓடவிட்டால் 8000ஆம் வாயிலில் (போர்ட்) மற்ற 11 கணினிகளுக்கும் கிடைக்கும். அவற்றின் சோர்சஸ் பட்டியலில் (பொதிகளை எங்கிருந்து எடுப்பது என்று ஆப்ட் பார்க்கும் இடம்):

டெப் [டிரஸ்டட்=யெஸ்] எச்டிடிபி://192.168.1.10:8000/ ./

முகவரிக்கு உங்கள் கணினியின் எண்ணைப் போடுங்கள். டிரஸ்டட் என்றால் கையொப்பச் சோதனை இல்லை. உள் வலையமைப்புக்கு மட்டும் பொருந்தும்.

பலர் சறுக்குவது பதிப்பெண்ணில். திருத்திக் கட்டிய பொதியைப் பழைய எண்ணிலேயே போட்டால், ஏற்கெனவே நிறுவிய கணினிகள் அதைப் புதிதென்று காணா. பக்கேஜஸ் பட்டியலைப் புதுப்பிக்க மறந்தால் அளவு பொருந்தவில்லை என்று ஆப்ட் முறைக்கும். எனவே 5.3.0-1+யாழ்1, அடுத்தது +யாழ்2 (யாழை ஆங்கில எழுத்தில்) என்று ஏற்றுங்கள். கூட்டல் குறிக்குப் பதில் அலைக்குறி (~) இட்டால் அது 5.3.0-1ஐ விடக் கீழாகக் கணிக்கப்படும். 24.04க்கு மாறும்போது அங்குள்ள 5.3.4 தானாகவே உங்களுடையதை முந்தும். அப்போது சோர்சஸ் வரியை எடுத்துவிடலாம்.