செல்லே புரியாதபோது திசுவை எப்படிக் கணக்கிடுவது?

வணக்கம். கணினியில் திசுக்களை 'வளர்ப்பது' பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஒரு செல்லுக்குள் நடப்பதே இன்னும் முழுதாகப் புரியவில்லை என்கிறார்கள். அப்படியிருக்க, ஆயிரம் செல்களைத் திரையில் ஓடவிட்டு என்ன தெரிந்துகொள்வது? வீடியோ கேமுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வீடியோ கேம் என்பது பாதி சரிதான். மீதிப் பாதிக்கு ஒரு பழைய சோதனையிலிருந்து வருகிறேன்.

1955இல் டவுன்ஸ், ஹோல்ட்ஃப்ரெட்டர் என்ற இரு உயிரியலாளர்கள் தவளை போன்ற நீர்நில வாழ்விகளின் கருக்களிலிருந்து வெவ்வேறு வகைச் செல்களைத் தனித்தனியாகப் பிரித்து, கலந்துவிட்டார்கள். செல்கள் நகர்ந்து நகர்ந்து தங்கள் இனத்தோடு, அதாவது தங்கள் வகைச் செல்களோடு, சேர்ந்தன. எது உள்ளே, எது வெளியே என்பதும் தானாக அமைந்தது. எண்ணெயும் தண்ணீரும் பிரிவது போலத்தான் இது, ஒட்டும் வலிமையில் உள்ள வேறுபாடே காரணம் என்றார் ஸ்டைன்பர்க் என்ற உயிரியலாளர்.

1992இல் கிரானரும் கிளேசியரும் இதைக் கணினிக்குக் கொண்டுபோனார்கள். அவர்களுடைய செல் என்பது கட்டத்தாளில் ஒரு திட்டு, அவ்வளவுதான். ஓரத்துக் கட்டம் ஒன்று பக்கத்துச் செல்லுக்கு மாறப் பார்க்கும். மாறினால் மொத்த ஆற்றல், அதாவது செல்கள் உரசும் எல்லைகளுக்கான 'செலவு', குறையுமா? சரி, மாறட்டும். கூடுமா? அபூர்வமாக மட்டும் அனுமதி. செல் தன் பரப்பளவை ஏறக்குறைய காத்துக்கொள்ள வேண்டும் என்று இன்னொரு விதி. மரபணு கிடையாது, உட்கரு கிடையாது. இருந்தும் செல்கள் இனம் பிரிந்தன! அதாவது, இந்த விளைவுக்கு மட்டும், செல்லுக்குள் நடப்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உள்விவரங்களை விட்டுவிட்டுப் பார்ப்பதுதான் இங்கே சோதனையே.

ஆனால் 'இந்த விதிகள் போதும்' என்பது வேறு, 'இதுதான் காரணம்' என்பது வேறு. உங்கள் சந்தேகம் நியாயமாவது இந்த இடத்தில்தான். 2008இல் வரிக்குதிரை மீன் கருவின் செல்களை அளந்து பார்த்தபோது, ஒட்டும் வலிமையை மட்டும் வைத்து, எது உள்ளே, எது வெளியே என்ற வரிசையை விளக்க முடியவில்லை. செல்லின் மேலோட்டில் இருக்கும் இழுவிசையும் வேண்டியிருந்தது. அப்படியானால் 1992 நிரல் பொய்யா? இல்லை. அதில் இருப்பது, இரண்டு செல்கள் உரசும் எல்லைக்கு இவ்வளவு 'செலவு' என்ற ஒற்றை எண். அந்தச் செலவு ஒட்டுதலால் வந்ததா, இழுவிசையால் வந்ததா என்று அதற்குத் தெரியாது. 'ஒட்டுதல்' என்று பெயர் வைத்தது நாம்தான். அழகாக அசையும் படத்தைப் பார்த்ததும் இது மறந்துபோகிறது, எனக்கும்தான்.

நேரமிருந்தால் கம்ப்யூசெல்3டி என்ற இலவச மென்பொருளை இறக்கிப் பாருங்கள். செல்கள் இனம் பிரியும் மாதிரி அதிலேயே இருக்கிறது. வேறு இனத்தோடு ஒட்டுவதை, சொந்த இனத்தோடு ஒட்டுவதைவிடச் சுலபமாக்குங்கள். செல்கள் இனம் பிரியாது, சதுரங்கப் பலகை போல மாறி மாறி உட்காரும்.