624101 பகா எண்ணா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊர் பின்கோடு 624101. இது பகா எண்ணாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம். கால்குலேட்டரில் 2, 3, 5 என்று தொடங்கி 199 வரை எல்லாப் பகா எண்களாலும் வகுத்துவிட்டேன். எதிலும் மீதியில்லாமல் போகவில்லை. 79இல் மட்டும் 7900.0126 என்று வந்து ஆசைகாட்டியது. பகா எண் என்றே வைத்துக்கொள்ளலாமா?

வாசகர், நாயுடுபுரம், கொடைக்கானல்

அன்புள்ள நண்பருக்கு,

அவசரப்படாதீர்கள். வர்க்கமூலம் வரை வகுத்தால்தான் தீர்ப்பு சொல்லலாம். 624101க்கு அது 790ஐ மயிரிழையில் தாண்டுகிறது. 790 வரை 138 பகா எண்கள். நீங்கள் முடித்தது 46.

ஆனால் அந்த 79 நல்ல துப்பு. 79 × 7900 = 624100. அது 790இன் வர்க்கம். அதாவது உங்கள் பின்கோடு 790² + 1. (தபால்துறை இதையெல்லாம் பார்த்துக் கொடுக்கவில்லை. 624 திண்டுக்கல் வட்டாரம், 101 உங்கள் தபால் நிலையம், அவ்வளவுதான்.)

வர்க்கத்தோடு ஒன்று கூட்டிய எண்ணை, 4ஆல் வகுத்தால் 3 மீதி தரும் பகா எண் எதுவும் வகுக்காது. 7ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வர்க்கத்தை 7ஆல் வகுத்து −1 மீதி வந்தால் (6 என்பதும் அதுதான்), அதன் கனத்துக்கும் −1தான் வரும். அந்தக் கனம் மூல எண்ணின் ஆறாம் அடுக்கு. ஃபெர்மா தேற்றப்படி (7ஆல் வகுபடாத எந்த எண்ணின் ஆறாம் அடுக்கையும் 7ஆல் வகுத்தால் மீதி 1) அதன் மீதியோ 1. முரண்பாடு. இங்கே கனத்தின் மூன்று, அதாவது 7இல் ஒன்றைக் கழித்துப் பாதியாக்கியது, ஒற்றைப்படை என்பதில்தான் சூட்சுமம். 11க்கு ஐந்து, 19க்கு ஒன்பது. இந்த வகையில் எப்போதும் ஒற்றைப்படைதான்.

ஆக 3, 7, 11, 19, 23 எல்லாம் வீண் வேலை. 5, 13, 17, 29 என்று 66 எண்களைப் பார்த்தால் போதும். அதற்கும் 624101ஐ வகுக்க வேண்டாம். 790ஐ மட்டும் சுருக்குங்கள். 97ஆல் வகுத்தால் மீதி 14; 14² + 1 = 197, அது 97இல் போகாது. மீதி பெரிதாக வந்தால் அடுத்த மடங்கிலிருந்து கழித்துச் சின்னதாக்கிக்கொள்ளலாம்; வர்க்கத்தில் குறி அடிபட்டுவிடும். இப்படியே போனால் 28ஆவதாக 281 வரும். 3 × 281 = 843, 790க்கு 53 அதிகம். 53² + 1 = 2810. பார்த்ததுமே தெரிகிறது, 281இன் பத்து மடங்கு!

624101 = 281 × 2221. இரண்டும் பகா எண்கள்.

இன்னொன்றும் உண்டு. 281 = 16² + 5², 2221 = 45² + 14². இப்படிப்பட்ட இரண்டைப் பெருக்கினால் வருவதும் இரு வர்க்கங்களின் கூட்டல்தான். கி.பி. 628இல் கணித மேதை பிரம்மகுப்தர் எழுதிய சூத்திரத்திலேயே இது அடங்கியிருக்கிறது. 16 × 45 = 720, 5 × 14 = 70; கூட்டினால் 790, கழித்தால் 650. 16 × 14 = 224, 5 × 45 = 225; வித்தியாசம் 1, கூட்டல் 449. ஆகவே 624101 = 790² + 1² = 650² + 449². பகா எண் என்றால் ஒரே விதத்தில்தான் பிரியும். இரண்டாவது விதம் கிடைத்தாலே அது பகு எண் என்று சொல்லிவிடலாம்.

ஊட்டியின் 643001க்கு இந்த வித்தை செல்லாது. 4ஆல் வகுத்தால் அதற்கும் மீதி 1தான். ஆனால் அது 61 × 83 × 127. 83, 127 இரண்டும் 3 மீதி தருபவை. மூன்றும் மூன்றும் பெருகி ஒன்பதாகி, மீதி 1 என்று வேஷம் போடுகிறது. இரு வர்க்கங்களாக அதைப் பிரிக்கவே முடியாது.