செத்த சாமிக்கு யார் சோறு வைப்பது?

அன்புள்ள ஐயா,

மிகுபுனைவு நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் வரும் ஜனங்கள் கும்பிடும் கடவுள் எப்போதோ கொல்லப்பட்டுவிட்டார். அந்த மதத்துக்கு வேதம், ஏழு குருபீடங்கள் எல்லாம் எழுதியாகிவிட்டது. படித்த என் தோழி, "செத்துப்போனவரிடம் யாராவது வரம் கேட்பார்களா? நம்ப முடியலையே" என்கிறாள். எங்கே தப்பு?

வாசகி, அம்பாசமுத்திரம்

அன்புள்ள வாசகிக்கு,

கேட்பார்கள். உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறி, பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே பட்டவராயன் என்ற சாமியாக இருக்கும் முத்துப்பட்டன் பிராமணனாகப் பிறந்து, செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டியவன். மாமனாரின் மாடுகளைக் காக்கப் போய் கள்வர் கையால் செத்தான். அவன் செத்ததை யாரும் மறைப்பதில்லை, வில்லுப்பாட்டில் அழுது பாடுகிறார்கள். அவனுக்குக் காணிக்கை தோல்செருப்பு.

சின்ன வயதில் ஆச்சியோடு அங்கே போயிருக்கிறேன். தொங்கிக்கொண்டிருந்த செருப்பு ஒன்றை ஆச்சி திருப்பிக் காட்டினாள். குதிகாலில் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்து, ஈர மண் அப்பியிருந்தது. "சாமி காலச் சாச்சுல்லா நடக்கும் போல" என்றாள். ராத்திரி அவர் அதைப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றுகிறார் என்பது அங்கே வருகிறவர்களின் நம்பிக்கை. உங்கள் வேதத்தில் இல்லாதது அந்தத் தேய்மானம்தான்.

ஒரு வித்தியாசம் உண்டு. நம் பக்கத்துச் சாமிகளில் பலர் செத்த பிறகு சாமியான மனிதர்கள். சாவுதான் அவர்களுக்குச் சக்தி கொடுத்தது. உங்களுடையவர் சாமியாக இருந்து செத்தவர். அப்படியென்றால் அவர் செத்த அன்றைக்கு உலகத்தில் எது நின்றுபோனது? மழையா, பிள்ளைப்பேறா? இதற்குப் பதில் தெரியாமல் குருபீடம் கட்டிப் பிரயோசனமில்லை.

எகிப்தியர்களின் ஒசிரிஸை அவன் தம்பி சேத் கொன்றான். உயிர்ப்பித்த பிறகும் அவன் இந்த உலகத்துக்குத் திரும்பவில்லை, செத்தவர்களின் ராஜாவாக அங்கேயே இருந்துவிட்டான். ஆனால் கோயாக் என்ற எகிப்திய மாதத்தில் மண்ணையும் தானியத்தையும் குழைத்து அவன் உருவம் செய்து முளைக்க வைப்பார்கள். முளைப்பாரி சுமந்த ஊர்க்காரிக்கு இது சட்டென்று புரியும்.

அப்புறம், கொன்றது யார்? இங்கே கொலையுண்டவனின் வம்சம் பாசத்தால் கும்பிடும், கொன்றவனின் வம்சம் பயத்தால் கும்பிடும். இருவரும் ஒரே பீடத்தின் முன்னால் நிற்பார்கள். இந்த இரண்டு கூட்டமும் உங்கள் நாவலில் இருக்கிறதா? பிழைக்க ஊர் விட்டுப் போகிறவர்கள் மூலக்கோயிலில் ஒரு கை பிடிமண் எடுத்துத் துணியில் முடிந்துகொண்டு போய், போன இடத்தில் புதுப் பீடம் போடுவார்கள். உங்கள் கடவுளின் உடம்பு விழுந்த மண்ணை அப்படி எத்தனை ஊர் எடுத்துப் போயிருக்கும்! எந்த ஊர் மண் நிஜம் என்ற சண்டையிலேயே பாதி நாவல் இருக்கிறது.

நம் வழக்கத்தை அப்படியே தூக்கி வைக்கச் சொல்லவில்லை. உங்கள் ஜனங்கள் அந்தச் சாமிக்குப் பட்ட கடனை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஏழு குருபீடங்களையும் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். இன்றைக்கு ராத்திரி அந்தச் சாமிக்குச் சோறு வைக்கும் முறை யாருடையது, அவள் வீட்டில் அரிசி இருக்கிறதா என்று ஒரு அத்தியாயம் எழுதி அனுப்புங்கள். ஆடி அமாவாசைக்குக் காரையாறு போகுமுன் படித்துவிடுகிறேன்.