நாஃப்ளரின் விரல்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

இரண்டு வருடமாக டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்ற ராக் இசைக்குழுவின் ‘சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்’ பாட்டைக் கிட்டாரில் வாசிக்கப் பார்க்கிறேன். நோட் எல்லாம் சரியாக விழுகிறது, ஆனால் அந்தக் குழுவின் கிட்டாரிஸ்ட் மார்க் நாஃப்ளர் மாதிரி கேட்கவில்லை. என்னிடம் இருப்பது விலை குறைந்த ஒரு ஸ்ட்ராட் வகை எலெக்ட்ரிக் கிட்டார். கம்ப்ரெஸர் பெடல் வாங்கினால் அந்த டோன் வந்துவிடும் என்கிறார் நண்பர். பணம் சேர்த்து வாங்கலாமா, இல்லை கிட்டாரையே மாற்றிவிடலாமா? கடைசி சோலோவின் வேகமும் பிடிபடவில்லை.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

இவ்வளவு எழுதியவர் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. வலது கையில் பிக் (ஸ்ட்ரிங்கை மீட்டும் சின்னத் தகடு) வைத்திருக்கிறீர்களா? வைத்திருப்பீர்கள் என்றுதான் தோன்றுகிறது, நானும் நாலைந்து வருடம் அப்படித்தான் மல்லுக்கட்டினேன். முதலில் அதைத் தூக்கி டிராயரில் போடுங்கள். நாஃப்ளர் அந்தப் பாட்டை வெறும் விரலால் வாசிக்கிறார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும்தான் வேலை செய்யும், மற்ற இரண்டும் கிட்டாரின் உடம்பில் ஊன்றி நிற்கும். விரல் நுனிச் சதை ஸ்ட்ரிங்கை அடியிலிருந்து கொக்கி போட்டு இழுத்து விட்டால் அது திரும்பி வந்து கிட்டாரின் கழுத்தில் குறுக்கே இருக்கும் ஃப்ரெட் கம்பியில் மோதும், நீங்கள் தேடுகிற சத்தம் அந்த ‘டக்’தான். அடுத்த நோட்டுக்கு முன்னால் அதே விரல் ஸ்ட்ரிங்கைத் தொட்டு அடக்கியும் விடும். கம்ப்ரெஸர் என்ன செய்யும்? மெல்லிய நோட்டையும் அழுத்தமான நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவரும். கை அழுத்தமே இன்னும் வராதபோது அது எதற்கு?

முதல் மாதம் கேட்கச் சகிக்காது, சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆள்காட்டி விரலில் கொப்புளம் வந்து ரசம் சாதத்துக்கு ஸ்பூன் கேட்கப்போய் வீட்டில் ஒரே சிரிப்பு.

அப்புறம் கடைசி சோலோ. அதை வேகமான லிக் (குட்டி இசைத் துணுக்கு) என்று பார்த்தால் பயமாகத்தான் இருக்கும், கார்டாக, அதாவது சேர்ந்து ஒலிக்கிற நோட்டுகளின் கூட்டமாகப் பாருங்கள். டி மைனர், பி ஃப்ளாட், சி, அவ்வளவுதான். மூன்றாவது ஸ்ட்ரிங்கில் 10ஆம் ஃப்ரெட், இரண்டாவதில் 10, முதலாவதில் 10, அதே முதல் ஸ்ட்ரிங்கில் 13. 13ஐ மீட்டிவிட்டு அந்த விரலை இழுத்து எடுத்தால் கீழே காத்திருக்கிற 10 தானாகப் பேசும். இது டி மைனர். இரண்டாவது ஸ்ட்ரிங்கில் மட்டும் 10ஐ 11 ஆக்குங்கள், பி ஃப்ளாட் வந்துவிட்டது! அந்தப் பிடியை அப்படியே இரண்டு ஃப்ரெட் மேலே தள்ளினால் சி. இதைக் கண்டுபிடித்த ராத்திரி நான் தூங்கவில்லை. இத்தனை வருடமாக நாலு நோட்டு நாலு நோட்டாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தேனே என்று ஒரே எரிச்சல். நாஃப்ளருடைய லிக் பலதும் இப்படிக் கார்டுக்குள்ளிருந்து வருவதுதான், ஸ்கேலில் மேலும் கீழும் ஓடுவது குறைவு.

கிட்டாரில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தப் பாட்டை அவர் முதலில் ஒரு நேஷனல் ஸ்டீல் கிட்டாரில் எழுதினார், அவருக்கே சப்பென்று இருந்தது. 1977இல் ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட் வாங்கி அதில் வாசித்த பிறகுதான் பாட்டுக்கு உயிர் வந்தது. பழைய ஸ்ட்ராட்டில் பிக்கப்பை (ஸ்ட்ரிங் அதிர்வைப் பிடிக்கும் காந்தம்) மாற்றுகிற சுவிட்சுக்கு மூன்று நிலைதான், பிரிட்ஜ் நிலைக்கும் நடு நிலைக்கும் இடையில் அதை நிறுத்தினால் பிரிட்ஜ் பிக்கப்பும் நடு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும். அந்தச் சத்தத்துக்காகப் பலரும் அப்படிச் செய்துவந்தார்கள், ஃபெண்டரே 1977இல் ஐந்து நிலை சுவிட்ச் போட்டுக் கொடுத்தது. உங்கள் கிட்டாரில் ஐந்து நிலை இருந்தால் பிரிட்ஜை ஒட்டிய இரண்டாவது நிலையில் வையுங்கள். காலணா செலவில்லை.

அதே நாஃப்ளர் 1985இல் ‘மணி ஃபார் நத்திங்’ பாட்டில் லெஸ் பால் என்ற வேறு வகைக் கிட்டாரை எடுத்தார், டோன் தலைகீழாக மாறியது, ஆனால் அந்தப் பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கிலும் விரல் இழுப்பது கேட்கும். 2024 ஜனவரியில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தில் அவருடைய கிட்டாரும் ஆம்ப்ளிஃபயருமாக 120க்கும் மேற்பட்டவை ஏலம் போய் 88 லட்சம் பவுண்டுக்கு மேல் வந்தது. சிறுவனாக இருந்தபோது அவருக்கு அப்பா வாங்கிக் கொடுத்தது 50 பவுண்டு ஹோஃப்னர் கிட்டார். அது சிவப்பாக இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே பிடிவாதம்.

சேர்த்த பணத்தில் நல்ல ரிப்பேர்காரரிடம் ஸ்ட்ரிங் உயரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள், மீதி இருந்தால் இரண்டு செட் ஸ்ட்ரிங் வாங்குங்கள். ஒரு மாதம் கழித்து அந்த மூன்று கார்டையும் பாதி வேகத்தில் வாசித்துப் பதிவுசெய்து அனுப்புங்கள். பி ஃப்ளாட்டில் அந்த ஒரு விரல் நேரத்துக்கு நகர்கிறதா என்று கேட்டுச் சொல்கிறேன்.