அமெரிக்கப் பூர்வகுடியினரான ஒனைடா மக்களின் மரபுக் கைவினைகளைப் பயிற்சிப் பட்டறை வைத்துப் பொதுமக்களுக்குக் கற்றுத்தந்தால், அவற்றின் மதிப்பு குறைந்துவிடாதா?

குறையாது என்று உறுதியாக நம்புகிறேன். விஸ்கான்சின் மாநிலத்தில் கிரீன் பே நகரை ஒட்டி வாழும் ஒனைடா சமூகத்தினர் நடத்திய மணிவேலைப் பட்டறை ஒன்றில் ஒரு பிற்பகல் முழுவதும் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்த பிறகே இந்த நம்பிக்கை எனக்கு வந்தது.

ஹோடெனோஷோனி கூட்டமைப்பின் ஆறு இனங்களுள் ஒன்றான ஒனைடாக்களின் தாயகம் இன்றைய நியூயார்க் மாநிலத்தின் நடுப்பகுதி; 1820களில் நிலத்தை இழந்து விஸ்கான்சினுக்கு வந்து குடியேறியவர்களின் வழிவந்தவர்களே எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள். அவர்களுடைய புடைப்பு மணிவேலையை அதற்கு முன் அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் பார்த்து, அழகாயிருக்கிறது என்று எண்ணியதோடு நகர்ந்திருக்கிறேன். வெல்வெட் துணியில் ஒரு பூவிதழை மணிகளால் நிரப்பும்போது, அந்த இடைவெளிக்குப் போதுமானதைவிடச் சில மணிகளைக் கூடுதலாகக் கோத்து நூலை இழுக்க வேண்டும். இடம் போதாத மணிச்சரம் வில்லாக வளைந்து துணிக்கு மேலே எழுந்து நிற்கும். ஒரு மணி மிகுந்தால் சரம் பக்கவாட்டில் சாய்கிறது, ஒரு மணி குறைந்தால் தட்டையாகப் படிந்துவிடுகிறது. என் முதல் மூன்று வரிசைகளையும் ஆசிரியையான மூதாட்டி பொறுமையாகப் பிரித்துவிட்டு மறுபடி கோக்கச் சொன்னார். அந்த ஒற்றை இதழை முடித்தபோது, ஒரு முழுப் பைக்கு எத்தனை நாள் உழைப்பு தேவை என்பது என் விரல்களுக்கே தெரிந்துவிட்டது. இனி யாரிடமும் அதன் விலையைப் பேரம் பேச எனக்கு மனம் வராது.

வெளியாரோடு பகிர்வது இந்தக் கலைக்குப் புதியதும் அன்று. 19ஆம் நூற்றாண்டிலேயே ஹோடெனோஷோனிப் பெண்கள் நயாகரா அருவிக்கு வந்த பயணிகளிடம் மணி தைத்த பைகளையும் ஊசி செருகும் மெத்தைகளையும் விற்றுக் குடும்பங்களைக் காத்தார்கள். கைமாறிக் கற்பதால் கலை உயிர் பெறும் என்பதற்கு விஸ்கான்சின் ஒனைடாவைச் சேர்ந்த மணிவேலைக் கலைஞர் காரன் ஆன் ஹாஃப்மன் நல்ல சான்று: அதே கூட்டமைப்பின் கயூகா இனத்தவரான லோர்னா ஹில், அவருடைய மகன் சாமுவேல் தாமஸ் ஆகியோரிடம் பயின்ற ஹாஃப்மனுக்கு 2020இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக்கலை விருது கிடைத்தது.

இம்மக்களின் மற்றொரு மரபுக் கைவினையான கூடை முடைதலில் வேறொரு அவசரமும் இருக்கிறது. பிளாக் ஆஷ் மரத்தின் தண்டை மரச்சுத்தியலால் அடித்து, ஆண்டு வளையங்களைப் பட்டைபட்டையாகப் பிரித்தெடுத்துத்தான் கூடைக்கான நார்களைச் செய்கிறார்கள். 2002இல் மிச்சிகனில் கண்டறியப்பட்ட, ஆசியாவிலிருந்து வந்த பச்சை நிற வண்டு அந்த மரங்களை அழித்துக்கொண்டிருக்கிறது. மரத்தைத் தன் கையால் அடித்துப் பார்த்தவருக்கு அந்தச் செய்தி நெஞ்சில் தைக்கும்.

உங்கள் அச்சத்தில் நியாயமான பகுதி ஒன்று உண்டு: எதைக் கற்றுத்தருவது என்ற எல்லையை அந்தச் சமூகமே வகுக்க வேண்டும். குணமாக்கும் சடங்குகளுக்குரிய முகமூடிகள் புனிதமானவை. அவற்றைப் பொதுவில் காட்டுவதையே ஹோடெனோஷோனித் தலைவர்கள் ஏற்பதில்லை. மக்காச்சோளக் கதிரின் காய்ந்த மடல்களை நீரில் ஊறவைத்து மடித்துக் கட்டும் பொம்மையையோ குழந்தைகளுக்கும் மகிழ்ச்சியாகச் சொல்லித்தருகிறார்கள். அந்தப் பொம்மைக்கு முகம் வரைவதில்லை. ஏன் கண் இல்லை என்று ஏதாவது ஒரு குழந்தை கேட்டே தீரும். அப்போதுதான், தண்ணீரில் தன் அழகைப் பார்த்துக் கர்வம் கொண்டு கடமையை மறந்ததால் முகத்தை இழந்த பொம்மையின் கதை சொல்லப்படுகிறது. கையில் பாதி கட்டிய பொம்மையோடு கேட்கும் கதையைக் குழந்தை மறப்பதில்லை.

கற்றவர்கள் போலிகளைச் செய்து விற்பார்களே என்பீர்கள். பூர்வகுடியினர் செய்யாத பொருளை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பதை 1990ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. நான் தைத்த அந்த ஒற்றை இதழ் என் மேசை மேல் இருக்கிறது. பார்ப்பவர்களிடம் அது ஒனைடாக் கைவினை அன்று, ஒனைடா ஆசிரியை ஒருவரிடம் நான் கற்ற பாடம் என்றே சொல்லி வருகிறேன்.